கொசு முட்டை, கோழி முட்டை

1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் உயிர்வேதியியல் ஆய்விதழ் ஒன்றில், மூன்று பேர் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை வெளியானது. முதல் பெயர் பிமல் குமார் பச்சாவத். கல்கத்தாக்காரர். அமெரிக்காவில் மைனர் கூன் என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்திருந்தார். பருப்போ பாலோ முட்டையோ, எதைச் சாப்பிட்டாலும் உடம்புக்குள் வந்து சேருகிற லூசின் என்ற அமினோ அமிலத்தை உடம்பு எப்படி உடைத்துத் தீர்க்கிறது என்று பார்ப்பதுதான் அங்கே நடந்த வேலை. அந்த உடைப்பின் கடைசிக் கட்டத்தில், வாய்க்குள் நுழையாத பெயருள்ள ஒரு மூலக்கூறு வந்து நின்றது. ஹைட்ராக்ஸி மெத்தில் குளூட்டரைல் கோஎன்சைம்-ஏ. விஞ்ஞானிகளுக்கே நாக்குச் சுளுக்கும் என்பதால் எச்எம்ஜி என்று சுருக்கிக்கொண்டார்கள். அதை இரண்டாக வெட்டும் நொதியைப் பற்றியதுதான் கட்டுரை. மருந்து கண்டுபிடிக்கும் எண்ணம் அவர்களில் எவருக்கும் இல்லை. ஆனால், அந்த மூலக்கூறு நின்ற இடம் ஒரு முச்சந்தி.

ஒரு பாதையில் போனால் அது உடைந்து முடிந்துவிடும். இன்னொரு பாதையில் திரும்பினால், முப்பது சொச்சம் படிகள் ஏறி, கொலஸ்ட்ராலாக மாறிவிடும். உடம்பிலிருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி தட்டிலிருந்து வருவதில்லை; உடம்பே தயாரித்துக்கொள்கிறது. அதற்கு முச்சந்தியில் ஒரு வாசல் இருந்தது. எச்எம்ஜி ரிடக்டேஸ் என்ற நொதி. அது திறந்திருந்தால் உற்பத்தி ஓடும், மூடினால் நின்றுவிடும். ஐம்பதுகள் முடிவதற்குள் இந்த வாசலும் தெரிந்துவிட்டது. அதை மூடுகிற சாவிதான் உலகத்தில் எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

பச்சாவத் அந்தச் சாவியைத் தேடப் போகவில்லை. நாடு திரும்பியவர் வந்து சேர்ந்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் அங்கே தொடங்கியிருந்தார். அதை ஒட்டி ஒரு நரம்பு வேதியியல் ஆய்வகத்தைப் பச்சாவத் வளர்த்தெடுத்தார். இந்தக் கதை கடைசியில் வந்து சேரப்போகும் திருவண்ணாமலை அன்று தனி மாவட்டம் இல்லை. வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காட்டின் ஒரு பகுதி. உள்ளூர் டாக்டர் கைவிரித்தால், போளூர், கண்ணமங்கலம் வழியாக பஸ் பிடித்து "வேலூர் பெரிய ஆஸ்பத்திரி"க்குப் போவதுதான் அன்றும் இன்றும் வழக்கம். அந்த வளாகத்து ஆய்வகத்தில் பச்சாவத்தும் ஏ.எஸ். பாலசுப்பிரமணியன் போன்ற அவருடைய சகாக்களும் ஒரு விசித்திரமான மூளை நோயைத் துருவிக்கொண்டிருந்தார்கள். ஒரு நொதி சரியாக வேலை செய்யாததால் செல்லுக்குள் ஒரு வகைக் கொழுப்பு கரையாமல் குவிந்து, குழந்தையின் நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆஸ்டினோடு சேர்ந்து 1963இல் இதை வெளியிட்டார்கள். செல்லுக்குள் லைசோசோம் என்று ஒரு ஜீரணப் பை உண்டு, குவிந்தது அதற்குள்தான். உள்ளே போனது ஜீரணமாகவில்லை என்பது புரிந்தது. வெளியிலிருந்து ஒரு பொருள் செல்லுக்குள் எந்த வழியாகப் போகிறது என்ற கேள்விக்கு மறு வருடமே ஒரு பதில் வந்தது. சொன்னது ஒரு கொசு.

ஏடிஸ் கொசு. பகலில் கடிக்கும், டெங்குவைப் பரப்பும், தண்ணீர்த் தொட்டியிலும் தேங்காய் ஓட்டிலும் முட்டையிடும் அதே கொசுதான். பெண் கொசு ரத்தம் குடிப்பது முட்டைக்காக. குடித்த சில மணி நேரத்தில் அதன் கருமுட்டைகள் மஞ்சள் கருவை வாரி வாரி விழுங்கி ஊதிப்போகும். ஹார்வர்டில் தாமஸ் ராத், கீத் போர்ட்டர் என்ற இருவரும் அந்த நேரம் பார்த்து முட்டையை எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார்கள். முட்டையின் மேல்தோல், அதாவது செல் சவ்வு, வழவழப்பாக இல்லை. எங்கு பார்த்தாலும் குழி. ஒவ்வொன்றும் 140 நானோமீட்டர் அகலம். ரத்தம் குடித்த ஏழு மணி நேரத்துக்குள் குழிகளின் எண்ணிக்கை பதினைந்து மடங்காகியிருந்தது. குழியின் வெளிப்பக்கத்தில் மஞ்சள் கருப் புரதம் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்பக்கத்தில் பிரஷ் முடி போல ஏதோ ஒரு பூச்சு. குழி ஆழமாகி, கழுத்து இறுகி, அறுந்து, புரதத்தோடு ஒரு குமிழாக முட்டைக்குள் போய்விழுந்தது. போனதும் பூச்சு உதிர்ந்தது. 1964இல் கட்டுரை வந்தது. அந்த முடிப் பூச்சு என்னவென்றுதான் விளங்கவில்லை.

ஐந்து வருடம் கழித்து ஜப்பானில் கனசெகி, கடோட்டா என்ற இருவர் கினிப் பன்றியின் மூளையிலிருந்து இதே மாதிரிக் குமிழ்களைப் பிரித்தெடுத்து உற்றுப் பார்த்தார்கள். முடி இல்லை அது. ஐங்கோணமும் அறுகோணமுமாகப் பின்னிய ஒரு கூடை, குமிழைச் சுற்றி. 1976இல் கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ் பன்றி மூளையிலிருந்து அந்தக் கூடையின் புரதத்தைத் தனியே எடுத்து அதற்கு கிளாத்ரின் என்று பெயரும் வைத்தார். அழகான விஷயம்தான். ஆனால், இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தால் மூவரில் ஒருவராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. பதிலின் ஒரு பாதி அப்போது டோக்கியோவில் ஓர் அரிசிப் பூஞ்சைக்குள் இருந்தது.

அகிரா எண்டோ 1933இல் வட ஜப்பானின் அகிட்டா மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பனி கொட்டும் பிரதேசம். காளானும் பூஞ்சையும் சிறு வயதிலேயே அவருக்குப் பிடித்துப்போயின. பெனிசிலின் கண்ட ஃபிளெமிங்தான் ஆதர்சம். சாங்கியோ என்ற மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, பழச்சாறு கலங்காமல் தெளிய உதவும் ஒரு நொதியைப் பூஞ்சையிலிருந்தே எடுத்துக் கொடுத்து நல்ல பெயர் வாங்கினார். அந்தப் பெயரில் 1966இல் நியூயார்க் போய் இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்தார். அங்கே அவரைத் திகைக்கவைத்தது பருத்த உடம்புகளும், மாரடைப்பு வந்த முதியவர்களைத் தூக்கிச் செல்ல ஓடிக்கொண்டே இருந்த ஆம்புலன்ஸ்களும். ஊர் திரும்பும்போது ஒரு யோசனையோடு திரும்பினார். பூஞ்சைகளுக்கு எதிரிகள் உண்டு. எதிரி நுண்ணுயிர்களில் சிலவற்றுக்கு வாழ கொலஸ்ட்ரால் வகையறா தேவை. அப்படியானால், எதிரியின் எச்எம்ஜி வாசலை அடைக்கும் விஷம் ஏதாவது ஒரு பூஞ்சையிடம் இருந்தாக வேண்டும். தர்க்கம் சுத்தமானது. ஆதாரம்தான் கிடையாது.

1971 ஏப்ரலில் தேடத் தொடங்கினார். ஒரு பூஞ்சையை வளர்ப்பது, அதன் சாற்றை எடுப்பது, எலியின் ஈரலிலிருந்து பிரித்த நொதிகளோடு கலந்து கொலஸ்ட்ரால் உற்பத்தி குறைகிறதா என்று பார்ப்பது, குறையாவிட்டால் அடுத்தது. இரண்டு வருடத்தில் ஏறத்தாழ ஆறாயிரம் வகைகள். முதலில் சிக்கிய ஒன்று நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சிறுநீரகத்தைக் கெடுத்தது. தூக்கிப்போட்டார்கள். அப்புறம், கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சை வந்தது. பெனிசிலியம் சிட்ரினம். ஃபிளெமிங்கின் பூஞ்சைக்குப் பங்காளி. அதன் சாற்றிலிருந்த பொருள் எச்எம்ஜி ரிடக்டேஸ் நொதிக்குள் பூட்டில் சாவி நுழைவது போலவே போய் உட்கார்ந்தது. அந்த நொதி பிடித்துக்கொள்ள வேண்டிய எச்எம்ஜியின் முகஜாடை இந்தப் பொருளுக்கு இருந்தது. நொதி ஏமாந்து போனது. 1973 கோடையில் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள். கம்பெக்டின். கம்பெனியில் உற்சாகம். எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலியின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

மருந்துக் கம்பெனிகளில் எலி தோற்றால் மருந்து செத்த மாதிரி. அடுத்த இரண்டு வருடம் எண்டோவுக்குத் தலைகுனிவு. இதே சமயத்தில் பசிபிக்கின் மறுகரையில், டெக்சாஸின் டல்லாஸ் நகரில், அவரை அறியாத இரண்டு இளம் டாக்டர்கள் வேறொரு முனையிலிருந்து அதே வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன். இருவரும் ஹவுஸ் சர்ஜன் காலத்திலிருந்தே சிநேகிதர்கள். முன்பு அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தில் வேலை பார்த்தபோது ஒரு அண்ணன் தங்கையைப் பார்த்திருந்தார்கள். எட்டு வயது, ஆறு வயது. இருவருக்கும் மாரடைப்பு. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் சாதாரண அளவைப் போலப் பல மடங்கு. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கோளாறான ஜீன் வந்து சேர்ந்ததால் வரும் நோய் அது. அந்தக் குழந்தைகளை அவர்களால் மறக்க முடியவில்லை. டல்லாஸில் இத்தகைய நோயாளிகளின் தோலிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் எச்எம்ஜி ரிடக்டேஸ் நொதி நாற்பது முதல் அறுபது மடங்கு வெறியோடு ஓடிக்கொண்டிருந்தது. ஆகா, நொதிதான் கெட்டிருக்கிறது என்று முடிவுகட்ட எல்லாக் காரணமும் இருந்தது. அவர்கள் கட்டவில்லை. இன்னொரு சோதனை செய்தார்கள்.

சாதாரண செல்லில் எல்டிஎல் என்ற கொழுப்புத் துகளைப் போட்டால் நொதி அடங்கிவிடும்: வெளியிலிருந்து சரக்கு வந்துவிட்டது, உள்ளே ஏன் தயாரிக்க வேண்டும் என்ற கணக்கு. நோயாளியின் செல் அடங்கவில்லை. ஆனால், வெறும் கொலஸ்ட்ராலை ஆல்கஹாலில் கரைத்து ஊற்றினால், அது சவ்வைத் தானாகவே ஊடுருவிப் போய்விடுகிறது. உடனே நோயாளியின் செல்லிலும் நொதி அடங்கியது. அப்படியென்றால் நொதியில் குற்றமில்லை. எல்டிஎல் உள்ளே போகவே இல்லை. 1974இல் காரணம் பிடிபட்டது. செல்லின் தோலில் எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பி என்ற புரதம் நோயாளிக்கு இல்லை. இத்தோடு கதை முடிந்திருக்கும், ஒரே ஒரு நோயாளி மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

அந்த ஒருவருக்கு ஏற்பி இருந்தது. எல்டிஎல்லை அது ஒழுங்காகப் பிடிக்கவும் செய்தது. பிடித்தபடியே வெளியில் நின்றது, உள்ளே இழுக்கவில்லை. ஏன்? ரிச்சர்ட் ஆண்டர்சன் என்ற நுண்ணோக்கி நிபுணர் கூட்டணியில் சேர்ந்தார். எல்டிஎல்லின் மேல் இரும்புச் சத்துள்ள ஃபெரிட்டினை ஒட்டினார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அது கரும்புள்ளியாகத் தெரியும். சாதாரண செல்லில் புள்ளிகள் தோல் முழுக்கச் சிதறிக் கிடக்கவில்லை. குழிகளுக்குள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. உள்பக்கம் முடிப் பூச்சுள்ள, ராத்தும் போர்ட்டரும் கொசு முட்டையில் பார்த்த அதே குழிகள். செல்லின் மொத்தத் தோலில் குழிகள் பிடித்திருந்த இடம் வெறும் 2 சதவீதம். ஏற்பிகளில் பாதிக்கும் மேல் அங்கேதான் இருந்தன. அந்த வினோத நோயாளியின் செல்லிலோ, குழிகள் ஒரு பக்கம், ஏற்பிகள் மறுபக்கம். பின்னாளில் ஜீனைப் பிரித்துப் படித்தபோது, அவருடைய ஏற்பியின் வாலில், எண்ணூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது தெரிந்தது. கிளாத்ரின் கூடை பிடித்து இழுக்கும் வால் அது.

ஏற்பி குழிக்குள் போய், குமிழாகி, எல்டிஎல்லை ஜீரணப் பையிடம் ஒப்படைத்துவிட்டுத் தோலுக்குத் திரும்பி வர ஏறத்தாழ பத்து நிமிடம். மறுபடி போகும். ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை அள்ளும் வேலை முழுக்க இந்தப் பத்து நிமிட ஓட்டத்தில் நடந்தது. குழிகளைக் கூட்ட முடிந்தால், ஏற்பிகளைப் பெருக்க முடிந்தால்? டல்லாஸில் இந்தக் கேள்வி எழுந்தபோது, டோக்கியோவில் எண்டோ ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

1976இன் தொடக்கம். அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடை. எதேச்சையாகச் சந்தித்தது கிடானோ என்ற சக ஊழியரை. அவர் தம் பரிசோதனைக்காக முட்டைக் கோழிகள் வளர்த்துவந்தார். வேலை முடிந்தால் கோழிகளின் கதியும் முடிந்துவிடும். எண்டோவின் மண்டையில் பொறி தட்டியது. ஒரு முட்டைக் கருவில் கொலஸ்ட்ரால் அவ்வளவு இருக்கிறதென்றால், கோழியின் உடம்பில் அது ஏராளமாக ஓட வேண்டும் அல்லவா? எலியில் தெரியாதது கோழியில் தெரியலாமே. கோழிகளைக் கேட்டார், கிடானோ கொடுத்தார். தீவனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கம்பெக்டின். ஒரு மாதம். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பாதி வரை இறங்கியது. கோழி மெலியவில்லை; முட்டையும் குறையவில்லை. அடுத்து நாய், அதிலும் இறங்கியது. எலி ஏன் ஏமாற்றியது என்பதும் பின்னால் விளங்கியது. வாசலை அடைத்ததும் எலியின் ஈரல் புதிது புதிதாக நொதியைச் செய்து தள்ளி, அடைப்பைச் சமாளித்துவிட்டது. கோழி வளர்க்காத ஒருவரை அன்று மாலை எண்டோ சந்தித்திருந்தால் மிச்சக் கதைக்கு வேலையில்லை.

டல்லாஸ்காரர்கள் கம்பெக்டினைக் கேட்டு எழுதினார்கள். டோக்கியோவிலிருந்து பொட்டலம் போனது. 1978இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். அதே ஆண்டு ஒசாகா பல்கலைக்கழக மருத்துவமனையில் அகிரா யமமோட்டோ என்ற டாக்டர், வேறு வழியற்ற பதினெட்டு வயது நோயாளி ஒருவருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். கொலஸ்ட்ரால் இறங்கியது. கூடவே தசைகள் துவண்டன. நிறுத்தினார். அளவைக் குறைத்து வேறு நோயாளிகளுக்குக் கொடுத்தார். இந்த முறை துவளவில்லை. கம்பெனி முறையான சோதனையில் இறங்கியது. எண்டோ அந்த ஆண்டின் கடைசியில் வேலையை விட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆசிரியராகப் போய்விட்டார். 1980 ஆகஸ்டில் இடி விழுந்தது. மிக அதிக அளவு மருந்தை நீண்ட காலம் தின்ற நாய்களின் குடலில் புற்றுநோய் மாதிரி ஏதோ தெரிகிறது என்று சாங்கியோ எல்லாவற்றையும் நிறுத்தியது.

அமெரிக்காவின் மெர்க் கம்பெனி அதற்குள் சொந்தத் தேடலைத் தொடங்கியிருந்தது. எண்டோவுக்கு ஆறாயிரம் தேவைப்பட்ட இடத்தில் மெர்க்குக்குப் பதினெட்டாவது மாதிரியிலேயே கிடைத்தது. அதுவும் இரண்டாவது வாரத்தில். வேறொரு பூஞ்சை, கிட்டத்தட்ட அதே பொருள்: லோவாஸ்டாட்டின். விநோதம் என்னவென்றால், எண்டோவும் அதே சமயத்தில் அதே பொருளைத் தனியாக, ஒரு சிவப்புப் பூஞ்சையிலிருந்து எடுத்திருந்தார். ஜப்பானில் நாய்க்கு ஏதோ ஆகிவிட்டதாம் என்று காதில் விழுந்ததுமே மெர்க்கும் மூட்டையைக் கட்டியது. இரண்டு வருடம் மருந்து அலமாரியில் கிடந்தது. 1982இல் மாரடைப்பின் விளிம்பில் நின்ற நோயாளிகளுக்காகச் சில அமெரிக்க டாக்டர்கள் கெஞ்சிக் கேட்டு வாங்கிப்போனார்கள். பலன் பிரமாதம், ஆபத்தோ கண்ணில் படவில்லை. மறுபடி நாய்ச் சோதனை, புற்றுநோய் இல்லை. பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு வாங்கினார்கள். 1987 செப்டம்பரில் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. நாயைப் பார்த்துப் பயந்த சாங்கியோவுக்கு என்ன ஆயிற்று? கம்பெக்டின் தின்ற நாயின் சிறுநீரில் அதைவிட நல்ல ஒரு பொருள் இருப்பதை அவர்களே கண்டார்கள். பிராவாஸ்டாட்டின் என்ற பெயரில் 1989இல் ஜப்பானில் அதை விற்கத் தொடங்கி, கொட்டோ கொட்டென்று காசு பார்த்தார்கள். எண்டோவுக்கு அதில் பங்கு எதுவும் வரவில்லை.

ஆனால், கொலஸ்ட்ரால் குறைந்தால் ஆயுள் கூடுமா என்று சந்தேகப்பட்டவர்கள் நிறைய இருந்தார்கள், நியாயமான சந்தேகம்தான். ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின் என்ற இதே வகை மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை என்று ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரைக்காரர்களில் 256 மரணம், மற்றவர்களில் 182. அதற்குப் பிறகு வாதம் அடங்கியது.

வணிகர்கள் மருந்தை விற்றுக்கொண்டிருக்க, குழி ஆராய்ச்சி தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. சவ்வு ஏன் வளைகிறது, குமிழின் கழுத்தை எது அறுக்கிறது என்ற இரண்டு கேள்விகள் மீதமிருந்தன. இரண்டாவதற்கு பதில் சொன்னது ஒரு பழ ஈ. 1973இல் கனடாவின் டேவிட் சுசுகி குழு, வெயில் ஏறினால் மரத்து விழும், குளிர்ந்தால் எழுந்து பறக்கும் ஈ ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. வெப்பத்தில் மயங்கும் ஈக்கள் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலும் பிரசித்தம்; ஒபைத் சித்திக்கி 1976இல் சீமோர் பென்சரோடு சேர்ந்து அத்தகைய ஈக்களைப் பற்றி எழுதினார்; கே.எஸ். கிருஷ்ணன் பல வருடம் அவற்றோடேயே காலம் கழித்தார். விழுந்த ஈயின் நரம்பு முனையை நுண்ணோக்கியில் பார்த்தால், குமிழ்கள் கழுத்து அறுபடாமல் தோலோடு தொங்கிக்கொண்டிருக்கும். 1989இல் அமெரிக்காவில் மாட்டு மூளையிலிருந்து டைனமின் என்ற புரதத்தை எடுத்தவர்கள், அது செல்லுக்குள் சரக்கு இழுக்கும் மோட்டார் என்று நினைத்தார்கள். 1991இல் ஈயின் ஜீனை வாசித்தபோது, அதில் கெட்டிருந்தது அதே டைனமின்தான் என்று குட்டு உடைந்தது. மோட்டாரும் இல்லை ஒன்றுமில்லை. குமிழின் கழுத்தைச் சுற்றி வளையமாக இறுக்கி அறுக்கும் புரதம் அது. அறுக்கும் காட்சியை நேரில் பார்க்கும் வித்தைகளை இன்று புணேயில் தாமஸ் புக்காடில் செய்துகொண்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குக் கேம்பிரிட்ஜின் ஹார்வி மக்மஹான் பதில் தேடினார். சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. சும்மா விட்டால் தட்டையாகத்தான் கிடக்கும். எப்சின் என்ற புரதம் தன் ஒரு முனையை ஆப்பு மாதிரி செல்லின் உட்பக்கத்து அடுக்கில் செருகிச் சவ்வை வளைக்கிறது என்று 2002இல் காட்டினார். 2004இல் அவர் குழு படிக வடிவம் கண்ட இன்னொரு புரதம் பிறக்கும்போதே பிறைபோல வளைந்தது. அதன் உட்குழிவில் சவ்வு படிந்தால் வளைந்தே ஆக வேண்டும். இதற்குள் இன்னொரு சங்கதியும் வெளிவந்திருந்தது. ஏடிஸ் கொசுவின் கருமுட்டையில் மஞ்சள் கருவைப் பிடிக்கும் ஏற்பியை 1996இல் பிரித்துப் படித்தபோது, அது எல்டிஎல் ஏற்பியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. கோழியின் கருமுட்டையில் இருப்பதும் அப்படியே. அந்த ஏற்பி பழுதான ஒரு கோழி இனத்துக்கு முட்டையே ஒழுங்காக வராது. கொழுப்பெல்லாம் ரத்தத்தில் தேங்கிவிடும். ராத் பார்த்த முட்டையும் எண்டோ நம்பிய முட்டையும் ஒரே குடும்பத்து ஏற்பி வழியாகத்தான் நிரம்பிக்கொண்டிருந்தன.

கடைசித் திருப்பம் மிச்சிகனில். பார்க்-டேவிஸ் கம்பெனியின் புரூஸ் ராத் (கொசு ராத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) 1985இல் பூஞ்சையே இல்லாமல் முழுக்க ரசாயன முறையில் ஒரு பொருளைச் செய்தார். சந்தைக்கு அது பிந்தி வரும். முன்னால் நாலைந்து பேர் இருக்கிறார்கள். வீண் செலவு என்று கம்பெனிக்குள்ளேயே முணுமுணுப்பு. கடைசியில் சொந்த ஊழியர்களில் சிலருக்கே கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற மருந்துகள் முழு அளவில் சாதித்ததை இது சிறிய அளவிலேயே தாண்டியது. 1996 டிசம்பரில் அனுமதி. சில வருடங்களில் உலகத்திலேயே அதிகம் விற்ற மருந்து அதுதான். இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு உரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டுமே தந்தது; 2005 வரை அப்படித்தான். வேறு செய்முறை கண்டுபிடித்தால் போதும். ஹைதராபாத்திலும் அகமதாபாத்திலும் கண்டுபிடிப்பதற்கு ஆளா பஞ்சம்?

அப்படித்தான் அது திருவண்ணாமலை தேரடித் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. மெடிக்கல் ஷாப் கண்ணாடி மேஜையில் சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் நடுவில் கிடக்கும் வெள்ளை மாத்திரை: அடோர்வாஸ்டாட்டின், 10 மில்லிகிராம். பௌர்ணமிக்குப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் போகும் கூட்டத்தில் எத்தனையோ பேரின் பைக்குள் தண்ணீர் பாட்டிலோடு அதுவும் போகும். அரசு மருத்துவமனைச் சீட்டிலும், மக்கள் மருந்தகப் பட்டியலிலும், வேலூர் போய்வந்தவரின் ஃபைலிலும் அதன் பெயர் இருக்கும். யாரும் அதைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "கொழுப்பு மாத்திரை", அவ்வளவுதான்.

உள்ளே போனதும் அது செய்வது இரண்டு வேலை. முதல் வேலை, பச்சாவத் காலத்து முச்சந்தியில் வாசலை அடைப்பது. ஆனால் ரத்தம் சுத்தமாவது அதனால் மட்டும் அல்ல. கொலஸ்ட்ரால் தட்டுப்பாடு வந்ததும் ஈரல் செல் பதறிப்போய், வெளியிலிருந்தாவது அள்ளலாம் என்று எல்டிஎல் ஏற்பிகளைக் கூடுதலாகச் செய்து தோலுக்கு அனுப்பும். ஏற்பிகள் குழிகளில் இறங்கும், கூடை பின்னும், கழுத்து அறுபடும், ரத்தத்திலிருக்கும் எல்டிஎல் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளே போகும். மாத்திரை கொழுப்பைக் கரைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கரைப்பதே இல்லை. ஈரலைப் பசிக்கவைக்கிறது. மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டுப் பூண்டு ரசத்தை நம்புகிறவர்களுக்கு இந்தக் குழிகளைப் பற்றி யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அகிரா எண்டோ 2024 ஜூனில், தொண்ணூறு வயதில் காலமானார். 2008இல் லாஸ்கர் பரிசு கிடைத்தது, நோபல் கிடைக்கவேயில்லை. பச்சாவத் வேலூரிலிருந்து கல்கத்தாவுக்கும் பின்பு டெல்லிக்கும் போனவர், கடைசிக் காலத்தில் கையில் எடுத்தது கொழுப்பாலேயே செய்த நுண்குமிழ்களை. அவற்றின் மேல் சர்க்கரை மூலக்கூறுகளை ஒட்டிவிட்டால், எந்த உறுப்பின் செல் அவற்றை இழுத்துக்கொள்ளும் என்று பார்த்தார். மருந்தைக் குமிழில் வைத்து செல்லுக்குள் அனுப்பும் வேலை. 1955இல் விட்ட இடத்துக்கும் அதற்கும் தொடர்பு இருந்ததை அவர் கவனித்தாரோ என்னவோ.

தேரடித் தெருக் கடைப் பையன் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, காகிதக் கவரில் போட்டு, மேலே 0-0-1 என்று எழுதித் தருகிறான். காலை இல்லை, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. உடம்பு கொலஸ்ட்ராலை அதிகம் தயாரிப்பது இரவில். முதலில் வந்த லோவாஸ்டாட்டினும் சிம்வாஸ்டாட்டினும் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும் என்பதால் அவற்றை மாலையிலோ ராத்திரியிலோ கொடுத்தார்கள். அடோர்வாஸ்டாட்டின் அடுத்த நாள் வரை தாக்குப்பிடிக்கும்; காலை டிபனோடு போட்டாலும் அதே வேலையைத்தான் செய்யும். ஆனாலும் கவரின் மேல் எழுதும் கை இன்னும் 1987இலேயே இருக்கிறது.